நியானுக்கு ஜோடி இல்லை

"இன்னிக்கு தீபிகா ஸ்டேஜ்ல. வீடியோ போடறேன், எல்லாரும் பாருங்க" என்று உஷா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலையிலேயே தம்பட்டம் அடித்துவிட்டாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பெங்களூரு பொம்மனஹள்ளியில் மகள் தீபிகா படிக்கும் பள்ளியின் அறிவியல் விழா. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கழுத்தில் ஆளுக்கொரு தனிமத்தின் குறியீட்டு அட்டை. Na என்ற பையன் ஓடிவந்து Cl என்பவனின் கையைப் பிடித்தான். "உப்பு!" என்று அரங்கமே கத்தியது. இரண்டு H வந்து O-வின் இரு கைகளையும் பிடித்ததும், "தண்ணி!" கார்பனுக்கு நாலு கை வேண்டுமாம். இரண்டு பேரை முதுகோடு முதுகாக ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். அதற்கும் கைதட்டல்.

தீபிகா மட்டும் Ne அட்டையோடு மேடை ஓரத்தில் கைகட்டி நின்றாள். கடைசிவரைக்கும் நின்றாள்.

விழா முடிந்ததும் உஷா மேடைக்குப் பின்னால் போய் அறிவியல் ஆசிரியை மரியாவைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன மிஸ், என் பொண்ணு என்ன ஸ்கூலுக்கு வாட்ச்மேனா?"

"அது நியான் மேடம். யார்கூடவும் சேராது. அதுக்கு காம்பவுண்டே கிடையாது."

உஷா இன்ஜினியர்தான். ஆனால் கெமிஸ்ட்ரியை முதல் செமஸ்டரோடு தலைமுழுகியவள்.

"சேராததை எதுக்கு ஸ்டேஜ் ஏத்துறீங்க?"

"அவளே கேட்டு வாங்கினா மேடம். வேணாம்மான்னு நானும் சொல்லிப் பார்த்தேன். விடுங்க."

"என்னை ஓரமா நிக்க வைங்கன்னு எந்தப் பொண்ணாவது கேப்பாளா? தமிழ்க்காரங்கன்னா இளக்காரமா?"

"நானும் அல்சூர் தமிழ்தான் மேடம்."

அதெல்லாம் உஷாவின் காதில் ஏறவில்லை. மற்ற பெற்றோர்கள் வேடிக்கை பார்க்கக் கூடியதும் குரல் இன்னும் ஒரு கட்டை ஏறியது.

"குழந்தைங்கள்ல என்ன மிஸ் ஒசத்தி, தாழ்த்தி? ஒருத்தரை மட்டும் ஒதுக்கி வெச்சா அந்தப் பிஞ்சு மனசு என்ன பாடுபடும்? நான் பிரின்சிபாலைப் பார்க்கத்தான் போறேன்."

மரியா எதையோ சொல்ல வாயெடுத்து, சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டாள்.

பிஞ்சு மனசு ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டே வந்து சேர்ந்தது.

"தீபு, இந்த அட்டையை யாருடி உன் கழுத்துல மாட்டினது? பயப்படாம சொல்லு."

"நான்தாம்மா கேட்டேன். முதல்ல ஆக்சிஜன்தான் குடுத்தாங்க. மகாவோட கையைப் பிடிக்கணும்னாங்க."

"பிடிக்க வேண்டியதுதானே? அதுல உனக்கு என்ன கஷ்டம்?"

"மகா யாரு தெரியும்லம்மா? நம்ம அபார்ட்மென்ட்ல குப்பை எடுக்கற ஆன்ட்டியோட பொண்ணு." தீபிகா பாராட்டை எதிர்பார்த்து அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "அவளைத் தொடக் கூடாதுன்னு நீ சொல்லியிருக்கல்ல? நான் தொடவே இல்லம்மா!"