ராஜப்பாவுக்காக ஒரு பிரார்த்தனை

ராஜப்பா கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தார். போர்வை கழுத்து வரைக்கும் இழுத்து விட்டிருந்தது. சுற்றிலும் பதினோரு பேர், நின்றும் உட்கார்ந்தும், அவர் உயிருக்காக வேண்டிக்கொண்டிருந்தார்கள்.

"மூச்சு வாங்குதாண்ணா?" என்று எதிர்வீட்டுத் தங்கம்மா குனிந்து கேட்டாள்.

"வாங்குது. இன்னும் எத்தினி நாளைக்கு வாங்குமோ, தெரியல" என்றார் ராஜப்பா.

தங்கச் சுரங்கத்தில் இருபது வருஷம் கல்தூசி குடித்த நுரையீரல் அது. டாக்டர் கையை விரித்துவிட்டார் என்று அவர் சொன்னபோது சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

முதலில் தங்கம்மாவைக் கூப்பிட்டுத்தான் சொன்னார். "மருந்து வேலைக்கு ஆவாதாம். சாமி கும்பிடறதுதான் பாக்கி. லைன்ல எல்லாரும் தெனம் சாயங்காலம் வந்து கும்பிட்டா நல்லாருக்கும்."

"எந்த சாமியண்ணா?"

"எது சும்மா கீதோ அது."

தங்கம்மாவுக்குச் சுருக்கென்றது. ராஜப்பாவுக்கும் லூயிசாவுக்கும் ஒரே மகனான ஷெர்வின் பெங்களூரில் பைக்கில் அடிபட்டு இறந்து எட்டு மாதம். நாற்பதாம் நாள் பூசை வரைக்கும் லைனே அந்த வீட்டில் கிடந்தது. பிறகு அவரவருக்கு அவரவர் ரயில், அவரவர் வேலை. எதிர்வீட்டுக் கதவு சாத்தியே இருப்பதைத் தினமும் பார்த்தாள். நாளைக்குப் போய்த் தட்டலாம் என்று நினைத்து நினைத்தே நாள் ஓடிவிட்டது.

அந்தக் குற்ற உணர்ச்சியோடு வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தாள். தினம் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் கௌதமன் ரயிலில் நின்றுகொண்டே வந்து, டிபன் பையைத் தோளிலிருந்து இறக்காமலே "புத்தம் சரணம்" சொன்னான். தங்கம்மா மாரியம்மன் குங்குமத்தை அள்ளி வந்து ராஜப்பாவின் நெற்றியில் அப்பினாள். தன் பங்குக்கு இடுப்பு வரை தொங்கும் கூந்தலையும் அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள்.

நோயாளி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "ஜெபத்த லூயிசாதான் ஆரம்பிக்கணும். டீயும் அவதான் போடணும். வேற யாரு போட்டாலும் எனக்குத் தொண்டையில எறங்காது."

சாகக் கிடக்கும்போதும் ஆம்பளைத் திமிர் போகவில்லையே என்று தங்கம்மா மனசுக்குள் கறுவினாள். பிள்ளையையும் பறிகொடுத்து, புருஷனுக்கும் பணிவிடை செய்யும் லூயிசாவை நினைத்துத்தான் அவளுக்கு வயிறு எரிந்தது.

முதல் நாள் லூயிசா உள்ளறைப் படுக்கையிலிருந்து கசங்கிய நைட்டியோடு எழுந்து வந்து ஜெபமாலையை எடுத்தாள். குரலே எழும்பவில்லை. டீயில் சர்க்கரை இல்லை. எல்லாரும் அப்படியே குடித்தார்கள். மூன்றாவது வாரத்தில் அவள் ஜெபம் தெருக்குழாய் வரைக்கும் கேட்டது.

"புருஷன் உசுருக்கு எப்படி மன்றாடறாங்க பாரு" என்று தங்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இருபத்து மூன்றாம் நாள் பிற்பகலில், அம்மன் பாதத்தில் வைத்த எலுமிச்சம்பழத்தோடு தங்கம்மா போனாள். கதவு திறந்து கிடந்தது. கட்டில் காலி. போர்வை ஒழுங்காக மடித்து வைத்திருந்தது.

"அண்ணா!" என்று அலறினாள்.

"இன்னாம்மா?" என்று பதில் மேலேயிருந்து வந்தது.

வாசலுக்கு ஓடி வந்து நிமிர்ந்து பார்த்தாள். கூரைத் தகரத்தின் மேல் சுத்தியலோடு குந்தியிருந்தார் ராஜப்பா.

"லூயிசா வந்துட்டாளா?"

"இல்லியே."

"அப்ப செத்த இந்த ஏணியப் புடி. மழ பேஞ்சா ஒழுவுது."

பழக்க தோஷத்தில் தங்கம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அவர் இறங்கித் தரையில் கால் வைத்த பிறகுதான் அவளுக்குக் கோபமே வந்தது.

"மூச்சே வாங்கலியே உனக்கு! டாக்டர் நெஜமா இன்னா சொன்னாரு?"

"வயசுக்கு நல்லாவே கீதுன்னாரு."

"அடப் பாவி மனுசா! கௌதமன் சோறு தண்ணி இல்லாம வந்து கும்பிடறான். நான் என் முடிய வேண்டிகினு கீறேன்! அத்தினி பேரையும் சாமிகிட்டப் பொய் சொல்ல வெச்சிட்டியே? லூயிசாக்கா எங்க? அவங்களுக்கும் தெரியட்டும்."

"மீன் வாங்கப் போயிருக்கா" என்று சொன்ன ராஜப்பா, தெருமுனையைப் பார்த்ததும் விசுக்கென்று உள்ளே நுழைந்தார். கட்டிலில் ஏறிப் படுத்துப் போர்வையைக் கழுத்துக்கு இழுத்தார்.

தங்கம்மா திரும்பிப் பார்த்தாள். லூயிசா வந்துகொண்டிருந்தாள். தலையை வாரி முடிந்து, புடவை கட்டி, கையில் பையோடு வந்தவள், வழியில் யாரிடமோ நின்று மீன் விலையைச் சொல்லி அங்கலாய்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கம்மா கட்டிலருகே வந்து பல்லைக் கடித்தாள். "எதுக்கு இந்த நாடகம்? சொல்லு. இல்லன்னா இப்பவே லைனைக் கூட்டுவேன்."

ராஜப்பா வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"அவள எழுப்பத்தாம்மா நான் படுத்தேன்."