காலியான சேவை நோட்டு

தேவாலய மறைக்கல்வி வகுப்பின் நாற்பது சேவை நோட்டுகளில் ஒன்று மட்டும் கையெழுத்தே இல்லாமல் காலி. சிஸ்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“சனிக்கிழமை ஆனா மொத்த வகுப்பும் முதியோர் இல்லத்துக்குச் சேவை செய்யப் போகுது. உனக்கு மட்டும் என்ன?”

“சனிக்கிழமை நான் வரமாட்டேன் சிஸ்டர்,” என்றாள் அந்த நோட்டுக்காரி.

“கல்நெஞ்சக்காரி! நோட்டுல என் கையெழுத்து இல்லாம கோயில்ல உனக்கு உறுதிபூசுதல் அருட்சாதனம் கிடையாது, தெரியுமில்ல?”

“இல்லாட்டிப் போகுது. போன வாரம் ஒரே தாத்தாவுக்கு ஏழு பேர் மாத்தி மாத்தி முகம் கழுவி விட்டதுல, அவருக்குச் சளியே பிடிச்சிருச்சு.”

“வராதவளுக்கு அது எப்படித் தெரியும்?”

“ஞாயித்துக்கிழமையிலேர்ந்து வெள்ளி வரைக்கும் அவர் மூக்கைத் துடைச்சு விடுறது யாராம்?”

சிஸ்டர் திகைத்தார். “தினமும் போறியா? அப்புறம் ஏன் கையெழுத்து வாங்கல?”

அவள் நோட்டை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

“கையெழுத்துப் போடுற நீங்க சனிக்கிழமை மட்டும்தானே வர்றீங்க!”