பல்பு இல்லாத அறை

“சுவரைத் தடவாதீங்க தம்பி. இந்த ரூம்ல பல்பே கிடையாது” என்றது இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்.

மெக்கானிக் கையை இழுத்துக்கொண்டார். பார்வையற்றவர்களின் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்ப்பதுதான் அவருடைய பிழைப்பு. பல்பு இல்லாத ஹோல்டரும் அணைந்தே கிடக்கும் மானிட்டரும் அவருக்குப் பழகிப்போனவை. நடுப்பகலிலும் ஜன்னல் சாத்தியிருந்தது. கம்ப்யூட்டருக்கு முன்னால் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார்.

“முந்தாநாள் கரண்ட் போயிட்டு வந்துச்சு. அதுலேர்ந்து ஸ்கிரீன் ரீடர் பேச மாட்டேங்குது. இது பேசலைன்னா இந்த வீட்டுல ஒரு வேலையும் ஓடாது. எனக்குச் சாப்பாடுகூட இறங்கல.”

“அட, இதுக்கெல்லாமா பட்டினி கிடப்பாங்க? அதான் நான் வந்துட்டேன்ல, பேச வெச்சிடலாம்.” வாய்வீச்சில் மெக்கானிக் யாருக்கும் சளைத்தவர் இல்லை. கையும் ஓரளவு அதற்கு ஈடுகொடுக்கும்.

மானிட்டரைப் போட்டார். அறைக்குள் கொஞ்சம் வெளிச்சம் பரவியது. அந்த அம்மா எழுந்து நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு மேஜையோரம் நின்றார்.

“உங்க பேனா ஒழுகுது போல.”

மெக்கானிக் குனிந்தார். சட்டைப்பையில் நீலமாக ஒரு வட்டம். “போச்சு. இன்னைக்கு வீட்டுல எனக்கு நல்லா டோஸ் விழும்” என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்குத் திரும்பினார்.

கம்ப்யூட்டரைத் திறந்ததும் ஓடும்படி சில வரிக் கட்டளைகளால் ஆன ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் இருந்தது. திரையில் இருப்பதை உரக்க வாசித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடரைக் கிளப்பிவிடுவது அதன் வேலை. மூடும்போது, அது போட்டுவிட்டுப் போனதையெல்லாம் கூட்டிப் பெருக்குவதும் அதன் வேலைதான். வளவளவென்று நீளாமல் கச்சிதமாக எழுதியிருந்தது. மெக்கானிக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

“எங்கம்மா எழுதி வாங்கினீங்க?”

“வீட்டுலயே எழுதினதுதான்.”

“சும்மா சொல்லக் கூடாது, என்னைவிட நல்லாவே எழுதியிருக்கீங்க!”

அந்த அம்மா கீபோர்டின் ஓரத்தை விரலால் ஒருமுறை தடவினார்.

சற்று நேரத்தில் கோளாறு கையில் சிக்கியது. “விஷயம் இதுதாம்மா. இது கிளம்பும்போது ‘நான் உள்ள இருக்கேன்’னு ஒரு அடையாளம் வெச்சுக்கும். முறையா மூடினா அதுவே அழிச்சிடும். மூடாமலே நின்னுபோனதால பழைய அடையாளம் அப்படியே கிடக்கு. பழையது இன்னும் உள்ள இருக்குன்னு நம்பிக்கிட்டு, புதுசா கிளம்ப மாட்டேங்குது.”

“பழையது உள்ள இல்லையா?”

“இல்லம்மா. அது போயாச்சு. வெறும் அடையாளம்தான் மிச்சம்.”

அந்த அம்மா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“எப்பவும் மூடிட்டு எழுந்திருக்கணும்மா.”

“மூடித்தான் பழக்கம். ஒரே ஒரு நாள், பாதி வேலையில எழுந்ததுதான். அப்புறம் மூடவே இல்ல. முந்தாநாள் வரைக்கும் ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு.”

“சரி, அந்த அடையாளத்தை அழிச்சிடறேன்.”

“அழிச்சாத்தான் பேசுமா?”

“ஆமாம்மா.”

“அழிச்சிடுங்க” என்றார் அந்த அம்மா.

மெக்கானிக் தட்டினார். கடைசியாகத் திறந்திருந்த கோப்பை ஸ்கிரீன் ரீடர் முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கியது. வாசிப்பா அது! தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டுகிற மாதிரி கடகடவென்று ஒரே சத்தம். பழகியவர்கள் வேகமாகத்தான் வைத்துக்கொள்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் இந்த வேகத்தில் கேட்கிறவரை அவர் கண்டதில்லை.

“கொஞ்சம் குறைக்கட்டுமா?”

“ஐயோ வேண்டாம்! இதே வேகம்தான். இப்படியேதான் இருக்கணும்.” அந்த அம்மாவின் கண்களில் நீர் கொட்டியது. சந்தோஷத்தில் அழுகிறார் என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார்.

“வாசிச்சு முடிச்சதும் தானா அணைஞ்சிடற மாதிரி பண்ணித் தரட்டுமா?”

“அணைய வேண்டாம் தம்பி. முடிஞ்சா மறுபடி முதல்லேர்ந்து வாசிக்கட்டும்.”

சொல்லிவிட்டு அவர் சமையலறைக்குப் போனார். தட்டு எடுக்கிற சத்தம் கேட்டது. “இங்க வரைக்கும் கேக்குது!” என்று அங்கிருந்து குரல் வந்தது.

மெக்கானிக் சாமான்களைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்தார். அந்த அம்மா தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு காது அறைப் பக்கமே திரும்பியிருந்தது.

“ஒண்ணு கேக்காம போனா எனக்குத் தூக்கம் வராதும்மா. இந்த வேகத்துல உங்களுக்கு எப்படிப் புரியுது?”

“எனக்கா? ஒரு வார்த்தைகூடப் புரியாது.”

மெக்கானிக் விழித்தார். அந்த அம்மா நேராக அவருடைய சட்டைப்பையைப் பார்த்தார். “அந்தக் கறை பெருசாகிக்கிட்டே போகுது. உடனே அலசிடுங்க.”

அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. “அப்ப, கண்ணு தெரியாதது…?”

“என் வீட்டுக்காரருக்கு. அவர் போயிட்டார் தம்பி. இந்தச் சத்தம் கேட்டா, உள்ள வேலையா இருக்கார்னு நெனச்சுக்கிட்டு ரெண்டு வாய் சாப்பிட்டுடுவேன்.”