முப்பது வரை

“ஒற்ற மூச்சில எண்ணணும். இடையில நிறுத்தக் கூடாது, கேட்டோ?” என்றார் டாக்டர் பிந்து.

மாஸ்க்குக்கு மேல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவள் தலையசைத்தாள். கண்ணாடி மறுபடியும் நழுவியது.

பக்கத்தில் நாகேஸ்வரன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். வழக்கமாகப் பார்க்கும் பெரிய டாக்டர் லீவு என்று தெரிந்ததிலிருந்து அவர் முகத்தில் ஒரு தெளிவு.

டாக்டர் ஃபைலைப் புரட்டினார். சீதாலக்ஷ்மி, வயது ஐம்பத்திரண்டு, கணவர் நாகேஸ்வரன். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தசைகளைத் தளர்த்திவிடும் நோய். போன மாதம் கழுத்தில் குழாய் செருகி, ஐந்து தடவை ரத்தத்தை வெளியே எடுத்து, கெட்டது சேர்ந்த மஞ்சள் நீரைப் பிரித்துவிட்டுத் திரும்ப ஏற்றியிருந்தார்கள்.

“முப்பது தாண்டினா மாத்திரையோட வீட்டுக்குப் போலாம். இல்லேன்னா மறுபடி அஞ்சு தடவை.”

“ஐயோ, கழுத்துல குழாய் வேண்டவே வேண்டாம் டாக்டர். போன தடவை பட்டதே போறும்,” என்றார் நாகேஸ்வரன். “நாப்பதே சொல்லுவா பாருங்கோ. ஸ்ரீவராகத்துலேர்ந்து கார்ல வாய் மூடாம பேசிண்டு வந்திருக்கா.”

அவள் மூச்சை இழுத்தாள்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு...”

பத்து வரை சரளமாகப் போயிற்று. பதினொன்றில் குரல் மூக்கு வழியாக வந்தது. பதினாலில் நின்றது.

“விளையாடாதே,” என்று நாகேஸ்வரன் பல்லைக் கடித்தார். “காலம்பற நாப்பத்திரெண்டு சொன்னியே!”

மறுபடி எண்ணினாள். பன்னிரண்டு.

“மேல பாருங்க. இமைக்காம.”

இடது இமை மெல்ல இறங்கிப் பாதிக் கண்ணை மூடியது.

“இந்த நோய் அப்படித்தான் சார். காலையில இருக்கிற பலம் மத்தியானம் இருக்காது. அம்மா, சாப்பிடறதுக்கு கஷ்டம் உண்டோ?”

“ராத்திரி தோசையை மெல்ல முடியலை. ரெண்டு மாசமா. வயசாயிடுத்துன்னு நெனச்சேன்.”

“இது ஃபைல்ல இல்லையே!”

நாகேஸ்வரன் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார்.

டாக்டர் எழுத ஆரம்பித்தார். “இன்னைக்கே அட்மிட். ஒரு டெஸ்ட் எடுத்துட்டு நாளைக்கே தொடங்கலாம்.”

அவள் நாகேஸ்வரனைப் பார்த்தாள். அவர் எழுந்து, சுவர்ப் பக்கம் திரும்பி, போனை எடுத்தார்.

“சீதா, காருக்குள்ள ஒளிஞ்சிண்டு இருந்தது போறும், மேலே வா. உன் தங்கையை அட்மிட் பண்றா.”