நாற்பதா, முப்பதா?

பள்ளிக்கூட வாசலில் கிடந்த வேகத்தடைக்கு முதுகெல்லாம் ரணம். பக்கத்தில் நின்ற ‘40’ பலகைக்கோ இருப்புக் கொள்ளவில்லை.

“அண்ணே, இன்னைக்கு மாநகராட்சிக் கூட்டத்துல என்னை முப்பது ஆக்கப் போறாங்களாம்!”

“மூணு வருஷமா இதையேதான் சொல்றே, தம்பி.” வேகத்தடைக்குப் பேசவே அலுப்பாக இருந்தது.

மதியம் கடப்பாரையோடு நாலு பேர் வந்தார்கள்.

“பாத்தீங்களா, நம்பர் மாத்த வந்துட்டாங்க!” என்றது பலகை.

அவர்கள் பலகையை ஏறிட்டும் பார்க்கவில்லை. “வேகத்தைக் குறைக்கணுமான்னு மேயர் நேர்ல பார்க்க வர்றாராம். கார் குலுங்கக் கூடாதாம்” என்றபடி வேகத்தடையைக் கொத்தத் தொடங்கினார்கள்.

பாதி பெயர்ந்த நிலையில் அது முனகியது. “தம்பி, நாலு மணிக்குப் பிள்ளைங்க குறுக்கே ஓடி வரும். இனிமே உன்னை யாராவது படிச்சாத்தான் உண்டு.”