அகிலாவுக்கு ஃபுல் இன்சூரன்ஸ்

"லெட்டர் மாஃபின்னா பாலிசியும் மாஃபி, கிடையவே கிடையாது மேடம். ஆக்லாந்துல அஞ்சு வருஷம் வண்டி ஓட்டினேன்னு வாயால சொன்னாப் போதாது. யாரையும் இடிக்காம ஓட்டினீங்கன்னு அங்கத்த கம்பெனிக்காரன் எழுதித் தரணும்."

கௌஸ் முகம்மது கையை விரித்துவிட்டார். துபாய் தேராவில் அத்தர்க் கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன இன்சூரன்ஸ் ஆபீஸில் ஏசி மட்டும்தான் தாராளம்.

அகிலா விடுவதாக இல்லை. "கேட்டு மெயில் போட்டிருக்கேன் பாய். ரெண்டு வாரம் ஆகுமாம். எனக்குச் சனிக்கிழமை ஷார்ஜாவுல டூட்டி. ஸ்கூலோட மூணு பிராஞ்சுக்கும் போய்ப் பாட்டு சொல்லித் தரணும். வண்டி இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவோம்னுட்டாங்க. இன்சூரன்ஸ் இல்லாம வண்டியை என் பேருக்கு மாத்த முடியாது."

"அங்கே ரோட்டுல லெஃப்ட் சைடு. இங்கே ரைட்டு. பழக்கதோஷத்துல நீங்க எதிர்ல போனா, ஹெட் ஆபீஸ்காரன் என் கழுத்தைப் பிடிப்பான்."

"வாங்கறதுக்கு முன்னாடி ஓட்டிப் பாத்தேனே! ஒரே ஒரு தடவைதான் எதிர்ல போனேன்" என்றாள் அவள், பெருமையாக.

பக்கத்து நாற்காலியில் இருந்த சீதாராமன், அந்தக் குளிரிலும் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"பாய், ஆபீஸுக்கு அரை நாள் லீவு சொல்லிட்டு வந்திருக்கேன். எப்படியாவது போட்டுக் குடுங்க. ஃபுல் இன்சூரன்ஸ். இவங்க வண்டிக்கு மட்டும் இல்லே, இவங்க யாரை இடிச்சாலும் பணம் வரணும்."

"வரும் சார்."

"ஓடற வண்டியை இடிச்சா?"

"வரும்."

"நிக்கற வண்டியை?"

"நின்னாலும் வரும், ஓடினாலும் வரும்."

"லேசா உரசினா?"

"போலீஸ் பேப்பர் இருந்தா, ஒரு கோடு விழுந்தாலும் வரும்."

"நான் என்ன, கண்ணை மூடிக்கிட்டா ஓட்டப்போறேன்? நீங்க சும்மா இருங்க" என்று அகிலா சிரித்தாள்.

கௌஸ் முகம்மதுவின் மனசு இளகிவிட்டது. இருபது வருஷமாக எத்தனை ஜோடிகளை அவர் பார்த்திருக்கிறார்! மனைவி ஓட்டுகிற வண்டி என்றால் இருப்பதிலேயே மலிவான பாலிசியைக் கேட்பார்கள். 'இவளுக்கெல்லாம் எதுக்கு லைசென்ஸ்?' என்று இங்கேயே சண்டை பிடித்தவர்களும் உண்டு. இந்த மனிதரோ 'இவங்க, இவங்க' என்று என்ன மரியாதை, என்ன அக்கறை!

ஹெட் ஆபீஸுக்கு போனைப் போட்டார். "பத்மநாபன் சார், நம்ம பொறுப்புல ஒண்ணு போட்டுடலாம். ஆமா, லெட்டர் பின்னாடி வரும். இல்லே சார், ரொம்ப டீசன்ட் ஃபேமிலி." போனைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார்: "பிரீமியம் கொஞ்சம் கூடும். பரவாயில்லையா?"

அகிலா யோசிப்பதற்குள் சீதாராமன் பர்ஸை எடுத்துவிட்டார். "கூடறதை நான் தர்றேன். போடச் சொல்லுங்க!"

"ஐயோ, அதெல்லாம் வேணாம்" என்று அவரைத் தடுத்து, அவள் தன் கார்டை நீட்டினாள்.

சீல் விழுந்தது. பாலிசியை வாங்கிய அகிலா, சனிக்கிழமை வேலை கையிலேயே வந்துவிட்டதுபோல அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"கலாஸ், வேலை முடிஞ்சது!" என்று எழுந்து சீதாராமனின் கையைப் பிடித்துக் குலுக்கினார் கௌஸ் முகம்மது. "என் மச்சினனை உங்ககிட்ட டியூஷனுக்கு அனுப்பணும் சார். பொண்டாட்டியை ஸ்டியரிங்கைத் தொடவே விடமாட்டான். இப்படி ஒரு வீட்டுக்காரர் கிடைக்க மேடம் கொடுத்து வச்சிருக்கணும்!"

அகிலாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "என் வீட்டுக்காரர் மஸ்கட்ல சைட்ல இருக்கார் பாய்!"

"அப்போ சார் யாரு?"

சீதாராமன் கூச்சத்தோடு எழுந்தார். "நான் இவங்க பில்டிங்தான் பாய். இன்சூரன்ஸ் எங்கே போடலாம்னு லிஃப்ட்ல கேட்டாங்க, நானே கையோட கூட்டிட்டு வந்துட்டேன்... நேத்துதான் புது வண்டி எடுத்தேன். பார்க்கிங்ல இவங்களுக்கு அடுத்த இடம் என்னோடது."