பத்தொன்பது பேரும் வந்தார்கள்

போலீஸ்காரர் மேசை மேல் வைத்தது ஒரு கேரம் ஸ்ட்ரைக்கர்.

"இது உங்களுதுங்களா, டீச்சர்?"

கனகம் அதைத் தொடவில்லை. பின்பக்கம் சிவப்பு மையில் 'மாலை வகுப்பு' என்று எழுதியிருப்பது அவளுடைய கையெழுத்துதான்.

கடைசி வரிசையில் யாரோ, "மாமா வந்துட்டாருடா, கணக்கப் போடு" என்று முணுமுணுத்தான். ஒருவரும் சிரிக்கவில்லை.

தம்பிதுரையின் ஸ்ட்ரைக்கர் அது. வேறு எவனும் அதில் ஆடிவிடக் கூடாதென்று தினமும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவான். பார்த்தும் பார்க்காதது போல் விட்டிருந்தாள். பையில் இது கிடக்கிற வரைக்கும் அங்கே கத்தியோ செயினோ கிடக்காது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

சரவணம்பட்டி மில்காரர்கள் தங்கள் பழைய பஞ்சுக் குடோனை இந்த வகுப்புக்கு விட்டதே அதற்காகத்தான். பள்ளிக்கூடம் விட்ட பிறகு பையன்கள் இரண்டு கும்பலாகப் பிரிந்து பஸ் ஸ்டாப்பில் சைக்கிள் செயினைச் சுழற்றுவார்கள். போன வருஷம் ஒருவனுக்குக் கண் போயிற்று. ஐந்து மணிக்கு உள்ளே வந்தால் எட்டு மணிக்கு முன்னால் யாரும் வெளியே போகக் கூடாது. பாடம், கேரம், ஆளுக்கு ஒரு கிண்ணம் சுண்டல். மாதத்தில் மூன்று நாள் வராதவன் பெயரை அடித்துவிட வேண்டும்.

தம்பிதுரைக்கு நேற்று மூன்றாவது நாள்.

போன வாரம் கிழிந்த உதட்டோடு வந்து உட்கார்ந்தவன் அவன். மருந்து போடும்போது, "அவனுகள விட மாட்டேனுங்க டீச்சர்" என்று மெதுவாகத்தான் சொன்னான். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் அவள் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

இன்று காலை பால் பூத்தில் பேசிக்கொண்டார்கள். நேற்று ஏழு மணிக்கு பஸ் ஸ்டாப்பில் கத்திக்குத்து. ஒரு பையன் இன்னொரு பையனைக் குத்திவிட்டு ஓடிவிட்டான். யார் யாரென்று தெரியவில்லை.

இன்று தம்பிதுரை பள்ளிக்கூடத்துக்கும் வரவில்லை.

"இது தொலைஞ்சு மூணு மாசமாச்சுங்க" என்றாள் கனகம். குரல் அவளுடையது போலவே இருந்தது.

மாரப்பன் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த அந்த ஏட்டு, தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். நாளெல்லாம் வெயிலில் சைக்கிள் மிதித்த முகம்.

"நேத்து சாயங்காலம் உங்க பசங்க யாராச்சும் வராம இருந்தாங்களா?"

அவள் பதிவேட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள். நேற்றைய கட்டங்களில் பத்தொன்பது டிக். தம்பிதுரைக்கு நேரே இருந்த ஒன்பதாவது டிக்கை அவள் நேற்று ஏழரை மணிக்குப் போட்டாள். பெயரை அடித்துவிட்டால் அவனுக்கு இனி எல்லா மாலையும் பஸ் ஸ்டாப்தான் என்று நினைத்துக்கொண்டே போட்டாள். கீழே அவள் கையெழுத்து.

ஏட்டின் விரல் ஒவ்வொரு பெயராக இறங்கியது. ஒன்பதாவதில் நின்றது போலிருந்தது. நிற்கவில்லை.

"பத்தொம்போது பேரும் வந்தாங்க. இன்னைக்குப் பதினெட்டுதான இருக்குது?"

"தம்பிதுரைங்க. அவங்கம்மா கூட காங்கேயத்துக்குப் போயிருக்கான். சொந்தத்துல ஒரு சாவு."

அம்மா போனது உண்மை. போய் நான்கு நாளாகிறது. தனியாகத்தான் போனாள்.

ஏட்டு பையன்கள் பக்கம் திரும்பினார். "ஏங்கண்ணு, அந்தத் தம்பி நேத்து எட்டு மணி வரைக்கும் இங்கதான இருந்தான்?"

கனகம் பதிவேட்டை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எது போனாலும் பொய் மட்டும் சொல்லக் கூடாது என்று இந்தப் பதினெட்டுப் பேருக்கும் சொல்லிக்கொடுத்தவள் அவள்.

முதலில் எழுந்தவன் கண்ணையா. தம்பிதுரையோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவன்.

"இருந்தானுங்க. என்கூடத்தான் கேரம் ஆடுனான்."

"ஆமாங்க" என்றது பெஞ்சு. "ஆமாங்க" என்றது குடோன் முழுவதும்.

அப்படி ஒரே குரலில் அவர்கள் வாய்ப்பாடு கூடச் சொன்னதில்லை.

ஏட்டு மாரப்பன் மூச்சை விட்டார். முகத்தில் இருந்த ஏதோ ஒன்று இறங்கியது. ஸ்ட்ரைக்கரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நல்லதுங்க டீச்சர். உங்க பையனா இருக்குமோன்னு பயந்துட்டே வந்தேன்."

"எதுக்குங்க?"

"குத்துப்பட்ட பையன் பெரியாஸ்பத்திரில நெனவில்லாமக் கெடக்கறானுங்க. பேரும் தெரியல, ஊரும் தெரியல. சட்டைப் பையில இது ஒண்ணுதான் இருந்துச்சு. ராத்திரி ஒரு ஆபரேசன் பண்ணிப்போட்டாங்க. இன்னொண்ணு பண்ணோணுமாம், சொந்தத்துல ஒருத்தர் வந்து கையெழுத்துப் போடோணுங்கறாங்க. நானும் காலைல இருந்து ஊர் ஊராச் சுத்தறேன். வாரேனுங்க."

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினார். சைக்கிள் ஸ்டாண்டை எடுக்கும் சத்தம் கேட்டது.

கனகம் எழுந்தாள். பதிவேடு அவள் கையிலேயே இருந்தது.

கண்ணையா இன்னும் உட்காரவில்லை. அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான், ஏட்டு போன வாசலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். ஐந்தே முக்கால்.

"டீச்சர், நான் வெளிய போலாங்களா?"